வசனம் யார்? கோடம்பாக்கத்தின் பிம்பங்களும் இணைய காலத்து மக்களாட்சியும்

கேட்டில் நின்ற உடல்

கோடம்பாக்கத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்பு, ரயில்வே கேட் மூடிவிட்டால் நட்சத்திரங்களின் கார்களும் நின்றாக வேண்டும். ஏவி.எம்., வாகினி படப்பிடிப்புத் தளங்களுக்குப் போகும் வழி அது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே கேட்டருகே ஆட்கள் காத்துக்கிடந்த கதை சென்னையின் பழைய நினைவுகளில் ஒன்று. திரையில் பார்த்த முகத்தையும் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த கேட் இடம் கொடுத்தது. எவ்வளவு பெரிய பிம்பமானாலும் அதற்கென்று ஓர் உடல் இருந்தது. அந்த உடல் எல்லோரையும்போல ரயில் போகும்வரை காத்திருந்தது.

2024 ஜனவரியில் திமுகவின் டி.ஆர். பாலுவின் தன்வரலாறான 'பாதை மாறாப் பயணம்' வெளியானதையொட்டி, 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்த மு. கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, மஞ்சள் துண்டு, அந்தக் கரகரத்த குரல். ஏறத்தாழ எட்டு நிமிடம் நீடித்த அந்த உரை செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. நூலாசிரியரைப் பாராட்டியதோடு, அப்போது முதலமைச்சராக இருந்த மகன் மு.க. ஸ்டாலினின் ஆட்சியையும் அது பாராட்டியது. அடுத்த மாதம், பிப்ரவரி 24 அன்று, ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவருடைய குரலில் ஓர் ஒலிப்பதிவை அதிமுக வெளியிட்டது. எடப்பாடி பழனிசாமிக்குத் துணைநிற்குமாறு தொண்டர்களை அந்தக் குரல் கேட்டுக்கொண்டது.

இவற்றைக் கேட்ட யாரும் இறந்தவர்கள் திரும்பி வந்துவிட்டதாக நம்பவில்லை. இரண்டும் செயற்கையானவை என்பது ஊரறிந்த செய்தி. எனவே, 'மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள்' என்று இணையத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இங்கே நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்லாது. கருணாநிதி வசனத்தால் அறியப்பட்டவர். 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனம் தனிப் புத்தகமாக விற்றது, இசைத்தட்டாக ஒலித்தது. வசனகர்த்தாவின் பெயரே கூட்டத்தைத் திரையரங்குக்கு அழைத்துவந்தது. அப்படிப்பட்டவரின் வாயில் வேறொருவர் எழுதிய வசனம் வைக்கப்படும்போது, அந்தச் சொற்களுக்குப் பொறுப்பாளர் யார்? அவரிடம் குடிமக்கள் எங்கே போய்க் கேள்வி கேட்பது? இணையமும் மெய்நிகர் தொழில்நுட்பமும் மக்களாட்சியை மாற்றும் விதத்தை இந்தக் கேள்வியின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுகள் சொன்னவை

தமிழகத்தில் சினிமாவும் அரசியலும் பிணைந்த வரலாறு நன்றாக ஆராயப்பட்டது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970களிலேயே திமுகவையும் நட்சத்திரங்களையும் பற்றி எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன், விடுதலைக்கு முந்தைய நாடக, சினிமாக் கலைஞர்கள் தேசிய இயக்கத்தின் செய்தியைச் சுமந்த விதத்தை 1981இல் நூலாக்கினார். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். பற்றிய நூல் 1992இல் வந்தது. ஏழைகளின் வாக்கில் அமைந்த ஓர் ஆட்சியின் நிதிக்கொள்கை ஏழைகளுக்குச் சாதகமாக இல்லாதபோதும் அந்த ஏழைகள் எம்.ஜி.ஆரைக் கைவிடாதது ஏன் என்பது பாண்டியனின் கேள்வி. நூலின் தலைப்பிலேயே பிம்பம் ஒரு பொறியாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு வந்த சாரா டிக்கியின் நூல், மதுரையின் ஏழை ரசிகர்களோடு பழகி எழுதப்பட்டது. ரசிகர்கள் வெறுமனே வாங்கிக்கொள்பவர்கள் இல்லை. படத்தைத் தங்கள் வாழ்வோடு சேர்த்துவைத்துப் பொருள்கொள்கிறார்கள், மன்றம் அமைக்கிறார்கள், தங்களுக்கென்று ஒரு மதிப்பைத் தேடிக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. பெர்னார்ட் பேட் மேடைத்தமிழை ஆராய்ந்து, செந்தமிழ்ப் பேச்சே ஓர் அரசியல் அழகியலாக ஆனதைக் காட்டினார்.

இந்த ஆய்வுகளுக்கிடையே வேறுபாடுகள் உண்டு. பாண்டியனின் கேள்வியின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை என்றாலும், பார்வையாளரைப் பற்றிய டிக்கியின் புரிதலே எனக்குக் கூடுதலாக ஏற்புடையது. இருந்தும், எல்லோருடைய ஆய்வுக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் பொதுவாக இருக்கிறது: பிம்பத்துக்குப் பின்னால் உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறார், அந்த ஆள் வாக்குக் கேட்டு வருவார், வென்றபின் சட்டமன்றத்தில் உட்கார்ந்து பதில் சொல்வார். இந்த அனுமானம்தான் இப்போது தளர்ந்திருக்கிறது.

நான்கு பிம்பங்கள்

தளர்வு ஒரே நாளில் நேர்ந்ததில்லை. தலைவர் நேரில் வர இயலாத நிலையில் அவருடைய பிம்பம் வந்து அரசியல் செய்த நான்கு தருணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது 1967. ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளரான எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் கிடந்தார், கழுத்தில் கட்டுப்போட்ட அவருடைய புகைப்படம் சுவரொட்டியாகித் தமிழகமெங்கும் பிரசாரம் செய்தது. அவர் வென்றார், திமுக ஆட்சிக்கு வந்தது. அந்தப் புகைப்படம் உணர்ச்சியைத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது காட்டிய கட்டு மெய்யான காயத்தின் மேல் போடப்பட்டது. அதன்பின் நடந்ததைத் தொழில்நுட்பம் பற்றிப் பேசும் இன்று மறக்கக் கூடாது. குண்டு எம்.ஜி.ஆரின் குரலைக் கெடுத்துவிட்டது. கோடம்பாக்கத்தில் பின்னணிக் குரல் கொடுக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர் நினைத்திருந்தால் கணீரென்ற வேறொரு குரலை இரவல் வாங்கியிருக்கலாம். அதே ஆண்டு வெளியான 'காவல்காரன்' படத்தில் சிதைந்த தன் குரலிலேயே பேசினார். ரசிகர்கள் அந்தக் குரலை ஏற்றார்கள். மேடையிலும் திரையிலும் கேட்டது ஒரே தொண்டை, ஒரே காயம். தமிழ் அரசியல் பிம்பத்தின் வரலாற்றில் இதைவிட நேர்மையான கணம் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது 1984. எம்.ஜி.ஆர். நோய்வாய்ப்பட்டு நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பரில் தேர்தல். அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்ற பேச்சு தமிழகத்தில் பரவியது. மருத்துவமனையில் அவர் தேறிவரும் காட்சிகளைப் படமாக்கி ஊர் ஊராகக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் ஒருமுறைகூடக் கால்வைக்காமல் அவர் வென்றார். வீடியோ கேசட் என்ற புதிய கருவியின் அரசியல் வலிமையைத் தமிழகம் கண்டுகொண்டது அப்போதுதான். அந்தப் படத்தொகுப்பில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற தேர்வு இருந்திருக்கும். பேசும் ஆற்றலை அவர் பெருமளவு இழந்திருந்த காலம் அது. இருந்தும், 1985 பிப்ரவரியில் அவர் சென்னைக்குத் திரும்பி வந்தபோது, காட்டப்பட்ட பிம்பத்தைத் திரும்பிவந்த உடலோடு மக்கள் ஒப்பிட முடிந்தது. கோடம்பாக்கம் கேட்டில் நடந்த அதே ஒப்பீடுதான், இம்முறை ஒரு மாநிலத்தின் அளவில்.

மூன்றாவது, பிம்பமே இல்லாமையின் கதையாகத் தொடங்குகிறது. 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஜெயலலிதா டிசம்பர் 5 அன்று மறையும்வரை, அந்த 75 நாட்களில் ஒரு புகைப்படமும் வெளிவரவில்லை. இடைத்தேர்தல் வேட்பாளர்களின் படிவத்தில் அவருடைய கைரேகை மட்டும் வந்தது. வாட்ஸ்அப் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்ட காலம். அதிகாரபூர்வத் தகவல் வறண்ட இடத்தில் வதந்தி ஊறியது. வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதுசெய்யப்பட்டார்கள். முதலமைச்சரின் உடல்நிலை குறித்துக் குடிமக்களுக்குத் தெளிவாகச் சொல்ல மறுத்த ஓர் அமைப்பு, அவர்கள் ஊகித்ததற்காக அவர்களைத் தண்டித்தது. ஓராண்டு கழித்து, 2017 டிசம்பர் 20 அன்று, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், ஜெயலலிதா மருத்துவமனைப் படுக்கையில் பழச்சாறு அருந்தும் காணொளியை டி.டி.வி. தினகரன் அணியைச் சேர்ந்த பி. வெற்றிவேல் வெளியிட்டார். தேர்தல் ஆணையம் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது. அதற்குள் அது கைபேசிகளில் பயணித்திருந்தது. இங்கே பிம்பத்தை ஒப்பிட்டுப் பார்க்க உடல் இல்லை. ஆனால் வெளியிட்டவர் இன்னார் என்று தெரியும். அவர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார், அவர்மீது வழக்குப் பதிய முடிந்தது.

நான்காவது 2024. இங்கே உடலும் இல்லை, காயமும் இல்லை, ஒளிப்பதிவு நடந்த ஓர் அறையும் இல்லை. பழைய பேச்சுகளிலிருந்து கற்றுக்கொண்ட நிரல் ஒன்று புதிய வாக்கியங்களைப் பழைய குரலில் சொல்கிறது. முந்தைய மூன்றும், எவ்வளவு தேர்ந்தெடுத்துக் காட்டப்பட்டாலும், நடந்துமுடிந்த ஒன்றின் பதிவு. நான்காவது அப்படி எதன் பதிவும் இல்லை. தலைவர்களுக்கு எப்போதுமே உரை எழுதிக்கொடுப்பவர்கள் இருந்திருக்கிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எழுதிக்கொடுத்ததை வாசித்த தலைவர் அதைத் தன் சொல்லாக ஏற்கிறார். மறுநாள் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து அதைச் சுட்டிக்காட்டினால் பதில் சொல்கிறார், தவறென்றால் திரும்பப் பெறுகிறார். மறைந்தவரின் குரலால் சொன்னதைத் திரும்பப் பெற இயலாது.

நம் மரபில் இறந்தவர்கள் பேசுவது புதிதில்லை. நடுகல் நட்டு வணங்கிய சமூகம் இது. கிராமக் கோயில்களில் முன்னோரும் தெய்வமும் சாமியாடியின் வாய்வழி வாக்குச் சொல்வார்கள். ஆனால் அங்கே ஆடுபவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். 'வந்திருப்பது யார், எதற்காக வந்தாய்?' என்று ஊர்ப் பெரியவர் நேருக்குநேர் கேட்பார். அடையாளம் சொல்லச் சொல்வார், வாக்குப் பிசகினால் ஏற்க மறுப்பார். மறைந்தவரின் குரலைக் கேட்கும் சடங்குக்குள்ளேயே அந்தக் குரலைச் சோதிக்கும் உரிமையும் இருந்தது. அரங்கத் திரையில் தோன்றும் பிம்பத்திடம் அப்படிக் கேட்க ஒரு வழியும் வைக்கப்படவில்லை.

யாருடைய அனுமதி

திரைத்துறை இந்தச் சிக்கலை அரசியலைவிட முன்னதாகவே சந்தித்தது. 2014இல் வெளியான 'கோச்சடையான்' படத்தில், 2009இல் மறைந்த நாகேஷ் கணினி உருவமாக நடித்தார். 2024 பிப்ரவரியில் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த பாடகர்களின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் ஒலித்தன. இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று உரிய ஊதியமும் தரப்பட்டது என்று இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 'கோட்' படத்தில் மறைந்த நடிகர் விஜயகாந்தின் உருவமும் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் வந்தன. முன்னதாக ஜூலையில், முன் அனுமதியின்றி விஜயகாந்தை யாரும் செயற்கை நுண்ணறிவால் காட்டக் கூடாது என்று அவருடைய மனைவி பிரேமலதா விஜயகாந்த் அறிக்கை வெளியிட்டிருந்தார்.

ஆக, ஒரு நடைமுறை உருவாகிவருகிறது: குடும்பத்திடம் கேள், ஊதியம் கொடு, வெளிப்படையாகச் சொல். இறந்த பாடகரின் குரலுக்கு ஊதியம் தரவேண்டும் என்று எண்ணியது ஓர் அறவுணர்வு. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் இதே நடைமுறை அரசியலுக்குப் பெயரும்போது முறிந்துவிடுகிறது. பாடகரின் குடும்பம் அனுமதி தரும்போது அவர்கள் ஒரு கலைஞரின் வாரிசுகள். தலைவரின் குரலுக்கு அனுமதி தருபவர்களோ, பெரும்பாலும் அந்தக் குரலின் பாராட்டால் பலன் பெறுபவர்களாகவும் இருக்கிறார்கள். அனுமதி தருபவரும் பயன்பெறுபவரும் ஒருவரே ஆகும்போது அனுமதி என்ற சொல் பொருளிழக்கிறது. இது எந்த ஒரு கட்சிக்கும் மட்டுமான குறை கிடையாது.

சட்டம் இங்கே கைகொடுக்கவில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரும் சாயலும் பாதுகாக்கத்தக்கவை என்று 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் ஜெ. தீபா தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய புகழும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுச் சொத்தாக இறங்குவதில்லை என்று அதே நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. கலைச் சுதந்திரத்தின் பார்வையில் அது நல்ல தீர்ப்பு. வாரிசுகள் ஒவ்வொருவரும் தடுத்தால் எந்தத் தலைவரைப் பற்றியும் விமர்சனமாக ஒரு படமோ நூலோ வர முடியாது. ஆனால் அத்தீர்ப்பு நடிகை ஒருவர் ஜெயலலிதாவாக நடிப்பதைப் பற்றியது. ஜெயலலிதாவின் குரலே புதிதாகப் பேசும் நிலையை அது கண்முன் கொண்டிருக்கவில்லை.

துயரத்தில் இருப்பவர்களின் ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் திருமணம் செய்துகொண்ட இணையர், மெட்டாவெர்ஸில் வரவேற்பு நடத்தினார்கள். விருந்தினர்கள் தத்தம் கருவிகளின் வழியே உருவங்களாக வந்தார்கள். மணமகளின் மறைந்த தந்தையும் உருவமாக நின்று வாழ்த்தினார். மகளின் கல்யாணத்தைப் பார்க்காமல் போன ஒரு தகப்பனுக்காக அந்தக் குடும்பம் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. அந்தத் தந்தை யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை.

ஒரே கூரை

தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை மையம் திரையரங்குதான் என்று கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். பிறப்பால் வந்த படிநிலைக்குப் பதில், வாங்கும் சீட்டின் விலையே இருக்கையைத் தீர்மானித்தது. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவுகள் இருந்தன. ஊருக்குள் சாதி போகவில்லை. பெண்களுக்குத் தனித்தடுப்பு இருந்த கொட்டகைகள் உண்டு. அந்தக் கூரையை மிகையாகப் புகழ வேண்டாம். ஆனாலும் ஒரு செய்தி முக்கியம். அக்கூரையின் கீழ் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். தரைச் சீட்டுக்காரர் விசிலடித்த வசனம் நாற்காலிக்காரரின் காதிலும் விழுந்தது. தேநீர்க் கடையில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்கும்போதும், தெருமுனைப் பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கி முழங்கும்போதும் இதுவே நடந்தது. எதிர்க்கட்சிக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே ஆளுங்கட்சியின் பேச்சைக் கேட்டு, அடுத்த வாரம் அதே முனையில் மேடை போட்டுப் பதில் சொன்னார்.

கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ரஹ்மான் இயக்கிய 'லே மஸ்க்' என்ற மெய்நிகர் படம் 2022இல் கான் விழாவில் காட்டப்பட்டது. கண்ணை மூடும் கருவியை அணிந்து, தனித்தனி நாற்காலியில் அமர்ந்து, மணத்தையும் நுகர்ந்தபடி பார்க்க வேண்டிய படம். கலையாக அது ஒரு துணிச்சலான முயற்சி. பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் முகம் மட்டும் தெரியாது. லிபர்ட்டி திரையரங்கு இடிந்து பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் மிஞ்சிய ஊரில், பார்ப்பது என்ற செயல் கூட்டத்திலிருந்து தனியறைக்குப் போன தூரத்தை இது காட்டுகிறது.

அரசியல் தொடர்பும் அதே பாதையில் சென்றது. 2012 குஜராத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் நரேந்திர மோடி முப்பரிமாண ஒளியுருவமாகப் பல ஊர்களில் ஒரே நேரத்தில் தோன்றினார். தோன்றியது ஒளியானாலும், பேசியவர் அதே நேரத்தில் வேறிடத்தில் உயிரோடு நின்றார், எல்லா ஊரும் கேட்டது ஒரே பேச்சு. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் அவருடைய இந்தி உரை செயற்கை நுண்ணறிவால் உடனுக்குடன் தமிழாகி ஒலித்தது. அதை அவரே மேடையில் அறிவித்தார். 2024 தேர்தலில் வந்தது வேறு வகை. நகலெடுத்த குரலில், வாக்காளரின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பேசும் தொலைபேசி அழைப்புகள் நாட்டின் பல பகுதிகளில் போயின. என் காதில் விழுந்ததை என் பக்கத்து வீட்டார் கேட்கவில்லை. அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. பதில் மேடை போட முனை எங்கே இருக்கிறது?

இணையத்தைப் பழிப்பதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் அரசு இயந்திரமும் முடங்கியபோது, அடையாறு கரையோரம் சிக்கியவர்களுக்குப் படகும் சோறும் போய்ச் சேர்ந்ததில் முகநூலுக்கும் ட்விட்டருக்கும் பங்குண்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டுப் போராட்டம் கைபேசித் திரைகளில் பிறந்தது. விளக்குகள் அணைக்கப்பட்ட இரவில் அதே கைபேசிகளின் வெளிச்சத்தில் அது தொடர்ந்தது. அந்தக் கூட்டம் அரசியல் தலைவர்களைத் தள்ளிவைத்தது. நட்சத்திரங்கள் தங்களுக்குத் தலைமையேற்பதையும் விரும்பவில்லை. நடிகர் சங்கம் ஜனவரி 20 அன்று தியாகராய நகரில் தன் வளாகத்திலேயே தனியாக அறப்போராட்டம் நடத்தியது. அரை நூற்றாண்டாகத் தமிழ் அரசியலுக்கு முகங்களைத் தந்துவந்த தொழில் அந்த வாரம் ஓரமாக உட்கார்ந்திருந்தது. இணையத்தில் பரவியதாலேயே அந்த வலிமை வந்துவிடவில்லை. ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கக்கூடிய கடற்கரை மணலில் அது வந்து சேர்ந்ததால் வந்தது.

எதிர்ப்பக்கத்தில் 2018 மே மாதம் இருக்கிறது. பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் பரவியிருந்த நாட்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் அவருடையது. செய்தி ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் தனித்தனியாகப் புகுந்தது. பொய் என்று உரக்கச் சொல்ல ஒரு பொது இடம் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது வேறு விதமாக நடந்தது. அந்தப் பொய் செய்தித்தாளிலும் சட்டமன்றத்திலும் பேசப்படும் அளவுக்கு வெளியே வந்துவிட்டது. தமிழகக் காவல்துறை இந்தியிலேயே மறுப்புச் சொன்னது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. பொய்யின் அளவு இரண்டிலும் பெரியதுதான். வெளிச்சத்துக்கு வந்த பொய்க்குப் பதில் சொல்ல முடிந்தது.

மறுப்பவரின் சொல்

செயற்கைக் குரல்கள் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் மெய்யான குரலும் மதிப்பிழக்கிறது. 2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனுடையதாகச் சொல்லப்பட்ட இரண்டு ஒலிப்பதிவுகள் வெளிவந்தன. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது இரு பதிவுகளைப் பற்றியும் ஒரே விதமான முடிவு கிடைக்கவில்லை. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலை இல்லை. கவலைக்குரியது, அதைத் தீர்த்துவைக்க எல்லோரும் ஏற்கும் ஓர் அவை நம்மிடம் இல்லை என்பதுதான். கட்சி சார்ந்து நம்பினார்கள், கட்சி சார்ந்து மறுத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 27, மாவீரர் நாளில், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்ட பெண் ஒருவர் காணொளியில் உரையாற்றினார். செயற்கை நுண்ணறிவு என்றனர் சிலர், ஆள்மாறாட்டம் என்றனர் சிலர். போரில் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் இழந்து, காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களைச் சுமந்து வாழும் ஒரு சமூகத்தின் முன் இது வைக்கப்பட்டது. இறப்பு உறுதிப்படாதவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களின் மனத்தில் அந்தக் காணொளி என்ன செய்திருக்கும் என்பதை எண்ணினால், இதைத் தொழில்நுட்ப விவாதமாக மட்டும் பேச மனம் ஒப்பவில்லை.

இத்தொழில்நுட்பத்தின் முதல் அடி பெண்கள்மேல்தான் விழுகிறது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. அவருக்காக அமைச்சர்கள் பேசினார்கள், காவல்துறை ஆளைப் பிடித்தது. ஊராட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இதே நேர்ந்தால் அவர் வீட்டார் முதலில் சொல்வது, 'இதெல்லாம் நமக்கு வேண்டாம், ஒதுங்கிக்கொள்' என்பதாகத்தான் இருக்கும். ஒதுங்கிக்கொண்டவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

சுவரொட்டியின் கடைசி வரி

தீர்வு என்றவுடன் அரசின் கையில் கத்தரியைக் கொடுக்கும் யோசனையே முதலில் வருகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 'பராசக்தி'யையே தடைசெய்யச் சொன்ன குரல்கள் அன்று எழுந்தன. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிர்ப்பு வந்தபோது, மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1989இல் சொல்ல வேண்டியிருந்தது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசே தீர்மானிக்க வழிசெய்த 2023ஆம் ஆண்டு விதித்திருத்தத்தை மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாதென்றது. அந்தத் திசை வேண்டாம்.

நம்மிடம் வேறொரு பழைய ஏற்பாடு இருக்கிறது. கோடம்பாக்கம் நெடுஞ்சாலையில் ஒட்டிய எந்தத் தேர்தல் சுவரொட்டியின் அடியிலும் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்வது அது. வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்ட உறுதிமொழியை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகம் சுவரொட்டியின் ஒரு படியோடு அதைத் தலைமைத் தேர்தல் அலுவலரிடமோ மாவட்ட நிர்வாகத்திடமோ சேர்க்க வேண்டும். எதை எழுதலாம் என்று அப்பிரிவு கட்டளையிடவில்லை. எழுதியதற்குப் பொறுப்பேற்கும் பெயரைத்தான் கேட்கிறது. சினிமாவின் பெயர்ப்பட்டியலில் வரும் 'வசனம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் கிடைத்த இணை இது.

செயற்கை உள்ளடக்கத்துக்குத் தேர்தல் ஆணையம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தல் இதை நோக்கி ஓரடி வைத்திருக்கிறது. காட்சிப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்கு, ஒலியானால் தொடக்கத்தின் 10 விழுக்காட்டு நேரத்துக்கு, இது செயற்கையானது என்ற அறிவிப்பு வேண்டும். உருவாக்கியவரின் பெயர் மெட்டாடேட்டாவிலோ உடன்வரும் குறிப்பிலோ இருக்க வேண்டும் என்கிறது அது. மெட்டாடேட்டா கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் கைமாறும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உடன்வரும் குறிப்பை அனுப்புபவர் அழித்துவிடலாம். 'செயற்கையானது' என்ற அறிவிப்போ, முன்பே சொன்னதுபோல், எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் மறுபடி சொல்கிறது. அந்தச் சொற்களை எழுதியது யார், ஒப்புதல் தந்தது யார் என்ற இரண்டு பெயர்களும் காட்சியின் மேலேயே தெரியவேண்டும், குரலானால் குரலிலேயே சொல்லப்படவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும் அழைப்புகளுக்கும் இதில் விலக்குக் கூடாது.

அதைவிட எனக்கு முதன்மையாகப் படுவது, 127ஏ கேட்கும் அந்த ஒரு படி. பாஸ்கரனும் சிவத்தம்பியும் பாண்டியனும் தங்கள் ஆய்வுகளை எழுத முடிந்ததற்குக் காரணம், பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் நாடக நோட்டீசுகளும் சுவரொட்டிகளும் எங்கோ பாதுகாக்கப்பட்டிருந்தன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு படம் மக்களிடம் என்ன சொன்னது, யார் சொன்னது என்று இன்றும் தெரிந்துகொள்ளலாம். 2024இல் நகல் குரல்கள் ஒவ்வொரு வாக்காளரின் காதிலும் சொன்ன சொற்கள் அப்படி எந்த அலமாரியிலும் சேரவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டதும் அவை முடிந்துபோயின. தேர்தல் காலத்தில் பரப்பப்படும் ஒவ்வொரு செயற்கை உரையிலும் அழைப்பிலும் ஒரு படி, எழுதியவர் பெயரோடு, மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் சேர்க்கப்பட்டு, வாக்குப்பதிவுக்கு முன்பே யாரும் கேட்கத் திறந்துவைக்கப்பட வேண்டும். எனக்குச் சொன்னதும் பக்கத்து வீட்டாருக்குச் சொன்னதும் ஒன்றுதானா என்று நாங்கள் இருவரும் சேர்ந்து போய் அங்கே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.